தத்தெடுத்த வயதான பூனைக்குக் கண்ணில் நீர் வடிகிறது, என்ன செய்வது?

ஏற்காட்டில் பத்து வயதுப் பூனையைத் தத்தெடுத்திருக்கிறீர்கள். வந்த வாரமே ஒரு கண் பாதி மூடி, நீர் வடிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். என் வீட்டுக் கிழட்டுப் பூனைக்கும் இதே கதைதான்.

பல பூனைகளின் உடலில் குட்டிப் பருவத்திலேயே, கண்ணில் நீர் வடியவும் மூக்கடைக்கவும் வைக்கும் ஹெர்பிஸ் வைரஸ் தங்கிவிடும். வீடு மாறிய பயமும் அலைச்சலும் அதை மறுபடி கிளப்பிவிடும். அதனால் முதல் சில வாரங்கள் சத்தமில்லாத, குளிர்காற்று அடிக்காத ஓர் அறையே பூனைக்கு உலகமாக இருக்கட்டும். மூக்கடைத்தால் வாசனை தெரியாமல் பட்டினி கிடக்கும். மீனை இளஞ்சூடாக்கி வையுங்கள்.

வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். கண்ணுக்கொரு பஞ்சு.

கெஞ்சிக் கேட்கிறேன், விளக்கெண்ணெயோ வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தோ விடாதீர்கள். கருவிழியில் புண் இருந்து, அந்த மருந்தில் ஸ்டீராய்டும் இருந்தால் கண்ணே போய்விடலாம். மருத்துவர் சாயச் சொட்டு விட்டுப் பார்த்தால் புண் பச்சையாகத் தெரியும். பாதி மூடிய கண் வலிக்கும் கண். மலையிறங்கிச் சேலம் போக வேண்டியிருந்தாலும் நாளைக்கே போங்கள்.

கண்மணி விரிந்தபடியே நின்று, பூனை சுவரில் முட்டினால் அன்றைக்கே போக வேண்டும். வயதான பூனைகளுக்கு இரத்த அழுத்தம் ஏறி விழித்திரை பிரிவதுண்டு. அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

பார்வை குறைந்தாலும் மீசையாலும் காதாலும் வழி கண்டுபிடித்துக்கொள்ளும். சோற்றுத் தட்டையும் மணல் தட்டையும் மட்டும் இடம் மாற்றாதீர்கள். தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.