நோய் முற்றவில்லை, செல்தான் முற்றுகிறது

தம்பிக்கு ஏபிஎல் என்ற ரத்தப் புற்றுநோய், அட்ரா மாத்திரையும் ஆர்செனிக் ட்ரிப்ஸும் ஓடுகின்றன, ஆறே நாளில் வெள்ளையணு 3,000-லிருந்து 18,000 ஆகிவிட்டது, நோய் முற்றுகிறதா என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

இல்லைம்மா. இந்த நோயில் வெள்ளையணுக்கள் பிஞ்சிலேயே நின்றுபோய் எலும்பு மஜ்ஜையை அடைத்துக்கொண்டு கிடக்கும். அட்ரா கீமோ மாதிரி அவற்றை நேரடியாக அடித்துக் கொல்வதில்லை, வளர விடுகிறது. வளர்ந்தவை கும்பலாக ரத்தத்துக்குள் வருவதால்தான் எண்ணிக்கை ஏறுகிறது, அப்புறம் ஆயுள் முடிந்து தானாக மடியும். ஷாங்காயில் டாக்டர் வாங் சென்யி 1985-இல் 5 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கொடுத்துக் காப்பாற்றிய மருந்து இது.

ஆனால் அந்தக் கும்பல் நுரையீரலுக்குள்ளும் புகும். அதனால் தினமும் காலையில், சாப்பிடும் முன், ஒரே மெஷினில் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எடை கிடுகிடுவென ஏறினாலோ, கால் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, ராத்திரி 2 மணியானாலும் டியூட்டி டாக்டரை எழுப்புங்கள், காலை ரவுண்ட்ஸ் வரட்டும் என்று உட்காராதீர்கள். சந்தேகம் வந்ததுமே ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும்.

அடுத்தது அந்த ‘சுத்தி செய்த பாஷாணம்’. ஆர்செனிக்தானே, எங்களிடமும் இருக்கிறது என்று வார்டு வாசலில் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ட்ரிப்ஸில் ஏறுவது கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் கணக்கு, அதற்கே ஈசிஜி, பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கிறோம். இதன்மேல் அந்தப் பொட்டலமும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். பில் இல்லாமல் பாதி விலைக்கு அட்ரா தருகிறேன் என்கிறவரும் இதே ரகம்தான். இது வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து என்று கேள்விப்பட்டு மெடிக்கலில் வைட்டமின் ஏ மாத்திரை வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம்.

ஏபிஎல் என்று சந்தேகம் வந்த அன்றே அட்ராவை ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் ஆரம்ப நாட்களில் ஆளைக் கொல்வது ரத்தக்கசிவு. ஈறில் ரத்தம் கசிய ஒரு பையன் கட்டிலில் கிடந்தபோது, நோயை உறுதிசெய்யும் ஜீன் ரிப்போர்ட்டை இணைத்தால்தான் அப்ரூவல் என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் ஃபைலைத் திருப்பி அனுப்பினார்கள். திட்டித் தீர்த்துவிட்டு நாங்களே மாத்திரை வாங்கிக் கொடுத்தோம்.

பெரியம்மாவின் மார்பகப் புற்றுக்கும் இதைக் கொடுக்கலாமா என்கிறீர்கள். கூடாது. ஏபிஎல்லில் இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டு ஒரு பூட்டு உண்டாகிறது, அட்ரா அந்தப் பூட்டுக்கான சாவி. பெரியம்மாவுக்கு அந்தப் பூட்டே கிடையாது. மற்ற ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களும் இந்தச் சாவியைக் கேட்டு அலைய வேண்டாம். தம்பியின் மாத்திரையில் மீந்தால் யாருக்கும் கொடுக்காதீர்கள், வார்டிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.