மாடி ஏறாத வைஃபையும் ஒரு குட்டிக் கணினியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். சும்மா கிடக்கும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியை வைஃபை அக்சஸ் பாயின்டாக, அதாவது வைஃபை சிக்னல் கொடுக்கும் கருவியாக, மாற்ற முடியுமா? முடியும். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு என் முதல் பதில் பையைப் பற்றியது அல்ல, கேபிளைப் பற்றியது. ஏன் என்று கீழே பாருங்கள்.

ரோஸ் ஹில் வாசகர்: கீழ்த்தளத்தில் ஃபைபர் ரூட்டர். மாடியில் மகன் குடும்பம். படிக்கட்டில் பாதி ஏறும்போதே வைஃபை போய்விடுகிறது. அண்ணன் மகன் பிரான்சிலிருந்து கொண்டுவந்த ராஸ்பெரி பை 3 ஒன்று இருக்கிறது. போதுமா?

போதும், கேபிள் இழுக்கத் தயார் என்றால்.

முதலில் தலைக்கு மேலே பாருங்கள். 1960 பிப்ரவரியில் அடித்த கரோல் புயல் மரவீடுகளையும் தகரவீடுகளையும் வாரிக்கொண்டு போனது. அதன் பிறகுதான் நம் மொரிஷியஸ் தீவு கான்கிரீட்டுக்கு மாறியது. இன்றைக்கும் பாதி வீடுகளில் அடுத்த மாடிக்கென்று விட்ட இரும்புக் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அதே கம்பிதான் உங்கள் தளத்துக்குள்ளும் வலைபோல ஓடுகிறது. புயலுக்கு அசையாத தளம் வைஃபைக்கும் வழிவிடாது. கீழே எவ்வளவு விலை உயர்ந்த ரூட்டர் வைத்தாலும் இதுதான் கதை.

அதனால் ரூட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை மாடிக்குக் கொண்டுபோங்கள். 100 மீட்டர் வரை தாங்கும், வீட்டுக்குத் தாராளம். வெளிச்சுவர் வழியாகப் போனால் வெயிலுக்கென்றே வரும் கறுப்பு உறை கேபிளை வாங்குங்கள், சாம்பல் கேபிளின் உறை சில வருடங்களில் விரிசல் விட்டுவிடும். 230 வோல்ட் கரண்ட் ஒயர் போகும் குழாய்க்குள் மட்டும் நுழைக்காதீர்கள்.

பை 3 மாடல் பி-யில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான், லேன் பக்கமும் 100 மெகாபிட்தான். நடைமுறையில் 30, 40 மெகாபிட் வந்தால் சந்தோஷப்படுங்கள். படம் பார்க்க, வீடியோ காலில் பேச அது போதும். 5 கிகாஹெர்ட்ஸ் வேண்டுமானால் 2018-இல் வந்த 3 பி பிளஸ் அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். முழு கிகாபிட் லேன் 2019-இல் வந்த பை 4 முதல்தான்.

அமைப்பது பெரிய வேலை இல்லை. 2023 அக்டோபருக்குப் பிறகு வந்த ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் (பையின் இயங்குதளம்) நெட்வொர்க் மேனேஜர் என்ற இணைப்புகளைக் கவனிக்கும் மென்பொருள் கூடவே வருகிறது. டெஸ்க்டாப்பில் வைஃபை ஐகானைத் தட்டினால் ஹாட்ஸ்பாட் உருவாக்கும் வழி அங்கேயே இருக்கும். பழைய கட்டுரைகள் ஹோஸ்ட்ஏபிடி, டிஎன்எஸ்மாஸ்க் என்று இரண்டு மென்பொருளை நிறுவி நாலு ஃபைலைத் திருத்தச் சொல்லும். தப்பில்லை, ஆனால் இன்று அந்தச் சுற்று தேவையில்லை. கீழே ரூட்டர் சேனல் 1-இல் இருந்தால் மேலே 6 அல்லது 11 வையுங்கள். 2.4-இல் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் இந்த மூன்றுதான்.

இன்னொன்று. பையை அழகான அலுமினியப் பெட்டிக்குள் போடாதீர்கள். அதன் ஆன்டெனா போர்டின் ஓரத்தில் விரல்நகம் அளவே இருக்கும். பிளாஸ்டிக் பெட்டி போதும், இரும்பு பீரோவுக்குப் பின்னாலும் வேண்டாம்.

அதே பகுதியிலிருந்து இன்னொருவர்: ஹாட்ஸ்பாட் போட்டுவிட்டேன், இன்டர்நெட் வருகிறது. ஆனால் மாடியிலிருந்து கீழே உள்ள டிவிக்குப் படம் அனுப்ப முடியவில்லை. பிரின்டரும் காணவில்லை.

உங்கள் ஃபோனில் ஐபி முகவரியைப் பாருங்கள். 10.42.0 என்று தொடங்குகிறதா? அப்படியானால் பை தனக்கென்று ஒரு தனிக்குடித்தனம் போட்டுவிட்டது. மாடி ஃபோன்களுக்கு அதுவே முகவரி கொடுத்து, கீழ் ரூட்டரிடம் எல்லாருக்கும் சேர்த்துத் தான் ஒருவனே பேசுகிறது. இன்டர்நெட்டுக்கு அது போதும். ஆனால் டிவியும் பிரின்டரும் தங்கள் இருப்பை அறிவிக்கும் குரல் அந்தச் சுவரைத் தாண்டாது.

இதற்குத் தீர்வு பிரிட்ஜ், அதாவது மாடியையும் கீழ்த்தளத்தையும் ஒரே நெட்வொர்க்காக்கும் பாலம். நெட்வொர்க் மேனேஜரில் ஒரு பிரிட்ஜ் உருவாக்கி, ஈதர்நெட்டையும் வைஃபையையும் அதன்கீழ் சேர்த்துவிடுங்கள். அப்புறம் கீழ் ரூட்டரே எல்லாருக்கும் முகவரி கொடுக்கும், பை வெறும் வாசல்தான். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கீழே இருப்பதுபோலவே வைத்துவிட்டால் மாடி ஏறும்போது ஃபோன் தானே மாறிக்கொள்ளும்.

ஓர் எச்சரிக்கை: இந்த வேலையை வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியாகத் தூரத்திலிருந்து கட்டளையிடும் முறை) வழியாகச் செய்யாதீர்கள். ஈதர்நெட்டைப் பிரிட்ஜுக்குள் தள்ளும் நொடியில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டிவிடுவீர்கள். டிவியில் எச்டிஎம்ஐ ஒயரைச் சொருகி, ஒரு கீபோர்டை மாட்டி, நேராகவே செய்யுங்கள்.

கியூர்பிப்பிலிருந்து ஒரு மாணவி: எல்லாம் சொன்னபடி செய்தேன் அண்ணா. வைஃபை பெயரே ஃபோனில் தெரியவில்லை.

நாட்டைச் சொன்னீர்களா தங்கச்சி? வைஃபைக்கு எந்த நாடு என்று சொல்லும்வரை பை தன் ரேடியோவைப் பூட்டியே வைத்திருக்கும். பையின் அமைப்புகளை மாற்றும் ராஸ்பி-கான்ஃபிக் என்ற கருவியில் இடம், மொழி அமைப்புகளுக்குள் போய் வைஃபை நாட்டைத் தேர்ந்தெடுங்கள். எம்ஆர் என்றிருப்பது மொரிட்டானியா, அவசரத்தில் அதைத் தட்டிவிடுகிறவர்கள் உண்டு. நமக்கு எம்யூ.

கடவுச்சொல் எட்டு எழுத்துக்குக் குறைந்தாலும் தொடங்காது.

வாக்கோவா வாசகர்: வாடகை வீடு, சுவரில் ஓட்டை போட உரிமையாளர் விடமாட்டார். கேபிள் இல்லாமல் பையே வைஃபையைப் பிடித்துத் திரும்பக் கொடுக்காதா?

கொடுக்கும், அரைமனதாக. பைக்குள் ஒரே ரேடியோ. ஒரே வாயால் கீழேயும் மேலேயும் பேச வேண்டும், அதுவும் ஒரே சேனலில். வேகம் பாதியாகிவிடும். மேலே சொன்ன பிரிட்ஜும் இந்த வழியில் சாதாரணமாக நடக்காது. பையை எங்கே வைப்பீர்கள் என்பது அடுத்த கேள்வி. சிக்னல் செத்துப்போன மாடியில் வைத்தால் அதுவும் செத்த சிக்னலைத்தான் திருப்பித் தரும்.

யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று சேர்த்தால் நிலைமை தேறும். ஒன்று வாங்க, ஒன்று கொடுக்க. வாங்கும்போது மீடியாடெக் எம்டி7612யூ போல பையில் ஓடும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) உள்ள சிப்பாகப் பாருங்கள். மலிவான சில அடாப்டர்களுக்கு டிரைவரைத் தனியாகத் தேடிப் போட வேண்டும், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் திரும்ப அழ வேண்டும். ஆனாலும் சொல்கிறேன், உரிமையாளரிடம் ஜன்னல் சட்டத்தின் ஓரமாகத் தட்டைக் கேபிள் விட அனுமதி கேளுங்கள். ஓட்டையே தேவைப்படாது.

குவாத்ர் போர்ன் வாசகர்: மூன்று மாதத்தில் இரண்டு எஸ்டி கார்டு போய்விட்டது. கரண்ட் போய் வந்தால் பை எழுந்திருப்பதில்லை.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. என் முதல் பையை டிராயரில் கிடந்த ஃபோன் சார்ஜரில் மாட்டி, வாராங்கில், அதாவது வராந்தாவில், செடிகளுக்கு நடுவே வைத்தேன். காலையில் ஒழுங்காக ஓடும். சாயங்காலம் எல்லாரும் வீடு திரும்பி ஃபோன்கள் சேரச் சேர, தானே அணைந்து தானே எழும். ஒரு வாரம் சாஃப்ட்வேரைக் குடைந்தேன். கடைசியில் டிவியில் மாட்டிப் பார்த்தபோது திரையின் மூலையில் ஒரு சின்ன மின்னல் குறி. மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பை காட்டும் குறி அது. குற்றவாளி சார்ஜர். அந்த எஸ்டி கார்டும் பிழைக்கவில்லை.

பை 3-க்கு 5 வோல்ட் 2.5 ஆம்பியர், பை 4-க்கு 3 ஆம்பியர், அதற்கென்றே விற்கும் அடாப்டர். இது முதல் வேலை. இரண்டாவது, எல்லாம் சரியாக அமைந்த பிறகு ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்குங்கள். அதன் பிறகு கார்டில் எதுவும் எழுதப்படாது, எழுதுவதெல்லாம் மெமரியிலேயே நின்றுவிடும். பிளக்கைப் பிடுங்கினாலும் கார்டுக்குச் சேதம் வராது. ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் ஓவர்லேயை நிறுத்தி, மாற்றி, மறுபடி போடுங்கள். மறந்துவிட்டால் நீங்கள் மாற்றியதெல்லாம் அடுத்த ரீஸ்டார்ட்டில் மறைந்துவிடும், பயந்துவிடாதீர்கள்.

நவம்பரிலிருந்து மே வரை புயல் காலம். மூன்றாம் எச்சரிக்கை வந்தால் ரூட்டரையும் பையையும் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். வெளிச்சுவர் கேபிளின் இரு முனைகளையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

ஒரு கோயில் தமிழ் வகுப்பு ஆசிரியை: மண்டபத்தில் இன்டர்நெட் இல்லை. காவடிக்குப் பிள்ளைகள் பாட வேண்டிய பதிகங்களைத் தமிழிலும் பிரெஞ்சு எழுத்திலும் தட்டச்சு செய்து, ஒலிப்பதிவும் வைத்திருக்கிறேன். பை வழியாக அவர்கள் ஃபோனுக்குக் கொடுக்கலாமா?

இந்த வாரத்தின் நல்ல கேள்வி இதுதான். பை உண்மையிலேயே ஜொலிக்கும் இடமும் இதுதான், ஏனென்றால் ரூட்டர் இதைச் செய்யாது. ஹாட்ஸ்பாட் போடுங்கள், கூடவே எஞ்சின்எக்ஸ் போன்ற சின்ன வெப் சர்வர் ஒன்றை நிறுவி, ஃபைல்களை அதன் ஃபோல்டரில் போடுங்கள். பிள்ளைகள் வைஃபையில் சேர்ந்து பிரவுசரில் 10.42.0.1 என்று அடித்தால் பாட்டு வந்துவிடும். வைஃபைக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று என்று இரண்டு கியூஆர் குறியை அச்சிட்டுத் தூணில் ஒட்டிவிடுங்கள்.

ஒரு சிக்கல் வரும். 'இதில் இன்டர்நெட் இல்லை' என்று ஃபோன் முணுமுணுத்துவிட்டு மொபைல் டேட்டாவுக்கு ஓடிவிடும். 'இணைப்பிலேயே இரு' என்பதைத் தட்டச் சொல்லுங்கள், அல்லது வகுப்பு முடியும்வரை டேட்டாவை அணைக்கச் சொல்லுங்கள். பையின் சொந்த வைஃபை பத்துப் பேருக்கு மேல் திணறும். நாற்பது பிள்ளைகள் என்றால் ஒரு சாதாரண அக்சஸ் பாயின்டை லேன் கேபிளில் மாட்டி, பையை சர்வராக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது முகவரி கொடுக்கும் வேலையைப் பையின் லேன் பக்கம் செய்யும்படி அமைக்க வேண்டும்.

போர்ட் லூயி வாசகர்: பை இல்லை, பழைய விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது.

அதிலேயே மொபைல் ஹாட்ஸ்பாட் உண்டு, எட்டுக் கருவிகள் வரை. ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது, இரவும் பகலும் ஓட்ட அது வேண்டாம். லினக்ஸ் போட்டால் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். பேட்டரி இன்னும் உயிரோடிருந்தால் கரண்ட் போகும் தொல்லையும் இல்லை.

ஒரு தாபாஜி (சின்னப் பெட்டிக்கடை) கடைக்காரர்: வாடிக்கையாளர்களுக்கு வைஃபை கொடுக்கப் பை வாங்கவா?

வேண்டாம். உங்கள் ரூட்டரிலேயே கெஸ்ட் நெட்வொர்க் இருக்கும், அதைத் திறந்துவிடுங்கள். கடைக் கணினியும் கார்டு மெஷினும் இருக்கும் வைஃபையை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். கடவுச்சொல்லைக் கல்லாவுக்கு முன்னால் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ரொட்டி வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும் நீங்களே எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கும்.