ஊசியை விட்டேன், எடை திரும்பி வருகிறதே!

கேள்வி: எனக்கு 43 வயது. வெள்ளவத்தையில் பிளாட்டில் இருக்கிறேன், வேலை வங்கியில், நாள் முழுக்கக் கதிரைதான். டொக்டர் எழுதித் தந்து ஒரு வருடமாக செமாக்ளுடைட் ஊசி போட்டேன், 89 கிலோவிலிருந்து 74க்கு வந்தேன். மாதாமாதம் அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை, நினைத்த எடையும் வந்துவிட்டதுதானே என்று நானே நிறுத்திவிட்டேன். மூன்று மாதத்தில் 78. அரைத் தட்டுப் பிட்டோடு போதும் என்று எழும்பியவள் இப்போது சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்த வேளையை யோசிக்கிறேன். “உமக்கு வாயைக் கட்டத் தெரியாது” என்கிறார் கணவர். நான் என்ன பிழை விட்டேன்?
— வாசகி, கொழும்பு 6

பதில்: இந்தப் பக்கத்தை முதலில் அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்.

சாப்பிட்டதும் நம் குடலில் ஜிஎல்பி-1 என்றொரு ஹோர்மோன் சுரக்கிறது. “போதும்” என்று மூளைக்குச் சொல்வதும், வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதும் அதன் வேலை, ஆனால் சில நிமிடங்களில் அழிந்துவிடும். உங்கள் ஊசி அதே வேலையைச் செய்துகொண்டு ஒரு கிழமை நின்றுபிடிக்கிற மருந்து. கடைசி ஊசி போட்டு ஐந்து கிழமை அளவில் அது உடலை விட்டு முழுக்கப் போய்விடும். அதனால்தான் நிறுத்திய முதல் மாதம் எல்லாருக்கும் ஒரு துணிச்சல் வருகிறது, ஊசி இல்லாமலே சமாளிக்கிறேனே என்று. இரண்டாம் மாதம்தான் பசி வந்து உட்காரும்.

அந்தப் பசி பழைய பசியும் இல்லை, அதைவிடப் பெரியது. எடை குறைந்ததைப் பஞ்சம் என்றுதான் உடல் எடுத்துக்கொள்கிறது. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வின் கணக்கைப் பாருங்கள்: குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் உடல் செலவழிக்கும் சக்தி நாளுக்கு 20, 30 கலோரி இறங்குகிறது, பசியோ நாளுக்கு 100 கலோரி அளவுக்கு ஏறுகிறது. நீங்கள் 15 கிலோ குறைத்தவர். பெருக்கிப் பார்த்துவிட்டு யாராவது வாயைக் கட்டுவது பற்றிப் பேசட்டும்.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. ஸ்டெப் 1 என்ற ஆய்வில் 68 கிழமை இந்த மருந்தைப் போட்டு, நிறுத்திய பிறகும் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்கள் முதலில் சராசரியாக 17.3 சதவீதம் எடை குறைந்தார்கள். நிறுத்தி ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. எடை குறைக்கும் இன்னோர் ஊசியான டிர்செபடைட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான். பிரஷர் குளிசையை நிறுத்தினால் பிரஷர் ஏறுகிறது, அதற்காக யாரும் நம்மை ஏசுவதில்லை. எடை என்று வந்தால் மட்டும் உடனே குணத்தைக் குறை சொல்லத் தொடங்கிவிடுகிறோம்!

பிழை என்று ஒன்று இருந்தால் அது டொக்டரிடம் சொல்லாமல் நிறுத்தியதுதான். திரும்பப் போங்கள். செலவுதான் பிரச்சினை என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். சிலர் மருந்தைத் தொடரத்தான் வேண்டியிருக்கும், சிலருக்கு வேறு வழி பார்க்கலாம், அதை உங்கள் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். ஒன்று மட்டும் கவனம்: மிச்சமிருக்கும் ஊசியை எடுத்து, நிறுத்தியபோது போட்ட அளவிலேயே நீங்களாகத் தொடங்க வேண்டாம். இவ்வளவு இடைவெளிக்குப் பிறகு பெரிய அளவில் போட்டால் வாந்தியும் வயிற்றுப் பிரட்டலும் ஆளைப் படுக்கையில் போட்டுவிடும், பெரும்பாலும் 0.25 மில்லிகிராமிலிருந்துதான் மறுபடி ஏற வேண்டிவரும்.

ஊசி இல்லாமலே போவதென்றால், நான் முதலில் கேட்பது தசையைப் பற்றி. குறைந்த 15 கிலோவும் கொழுப்பு என்று நினைக்கிறீர்களா? அதில் ஒரு கணிசமான பங்கு தசை. திரும்பி வருவதோ பெரும்பாலும் கொழுப்பு. அதனால் மரைன் டிரைவில் காலை நடை நல்லதுதான், விடாதீர்கள், ஆனால் அது மட்டும் காணாது. கிழமையில் இரண்டு மூன்று நாள் தசைக்குப் பாரம் கொடுக்க வேண்டும். ஜிம்முக்குக் காசு கட்டத் தேவையில்லை. கதிரையின் கையைப் பிடிக்காமல் பத்துத் தடவை எழும்பி இருங்கள், சுவரில் கை ஊன்றித் தள்ளுங்கள், ஒன்றரை லீட்டர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைத் தூக்கி இறக்குங்கள், லிஃப்டை மறந்துவிட்டுப் படியில் ஏறுங்கள் (வெள்ளவத்தை பிளாட்களில் லிஃப்ட் சிலநேரம் அதுவாகவே பழுதாகி உதவி செய்யும்). டென்மார்க்கில் லிராக்ளுடைட் என்ற ஊசியோடு செய்த ஓர் ஆய்வில், உடற்பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்கள், எல்லாவற்றையும் நிறுத்தி ஒரு வருடம் போன பிறகும், ஊசியை மட்டும் நம்பியவர்களைவிட நன்றாக எடையைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

அடுத்தது சாப்பாடு. சோற்றை விடுங்கள் என்று சொல்ல மாட்டேன், யாரும் கேட்கப் போவதில்லை. நம்முடைய காலைச் சாப்பாட்டைப் பாருங்கள்: இடியப்பம், சம்பல், சொதி. புரதம் எங்கே? பத்து மணிக்கு ஒபிஸ் கன்டீனில் ரோல்ஸ் கூப்பிடுவது இதனால்தான். இடியப்பத்தை ஐந்தாகக் குறைத்து, இரண்டு அவித்த முட்டையும் கெட்டியாகப் பருப்பும் வையுங்கள், பத்து மணி தானாகக் கடந்து போகும். பகலில் உள்ளங்கை அளவு மீன், இரவில் கோழியோ கடலையோ கௌபியோ. உங்கள் எடைக்கு நாளுக்கு 80, 90 கிராம் புரதம் வந்தால் நல்லது; சிறுநீரக வருத்தம் இருந்தால் மட்டும் டொக்டரிடம் கேட்காமல் கூட்ட வேண்டாம். இரவு ஒன்பது மணிக் கொத்துரொட்டி மாதத்தில் ஒருநாள், அதுவும் பகிர்ந்து. பிளேன்ரீக்குச் சீனி வேண்டாம்.

கிழமையில் ஒருநாள், ஒரே நேரம், எடை பாருங்கள். அமெரிக்காவில் குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருடமாவது பிடித்து வைத்திருப்பவர்களை 1994 முதல் ஒரு பதிவேட்டில் சேர்த்து வருகிறார்கள், அவர்களில் பெரும்பாலானோருக்கு இந்தப் பழக்கம் உண்டு. இரண்டு கிலோ கூடினால் அந்தக் கிழமையே ஏதாவது செய்யுங்கள், சாரி பிளவுஸ் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். இடுப்பையும் அளந்து பாருங்கள், நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லை. 78இல் நின்றாலும் நீங்கள் தொடங்கிய இடத்திலிருந்து 11 கிலோ கீழேதான் இருக்கிறீர்கள். அதுவே பிரஷருக்கும் முழங்காலுக்கும் நிறைய.

கேள்வி: கனடாவிலிருக்கும் மச்சான் ஊசியைப் பார்சலில் அனுப்புகிறேன் என்கிறார். இங்கே வாங்குவதைவிட லாபம்தானே?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: மச்சான் நல்லவர், பார்சல்தான் சரியில்லை. திறக்காத ஊசி 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டிய பொருள். அது கட்டுநாயக்காவில் எத்தனை நாள் எந்த வெயிலில் கிடந்தது என்று பெட்டியைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. ஒன்லைனில் யாரோ விற்பதை வாங்குவது இன்னும் மோசம். பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் போலி செமாக்ளுடைட் பிடிபட்டு உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விட்டது. அப்புறம், உங்களுக்கு இந்த ஊசி தேவை என்று யார் முடிவு செய்தது? கடிதத்தில் டொக்டர் என்ற சொல்லே இல்லையே.

கேள்வி: அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதற்காக இதே ஊசி. எடை நன்றாகக் குறைந்துவிட்டது, இனி நிறுத்தலாமா?
— வாசகி, தெஹிவளை

பதில்: வேண்டாம். அம்மாவுக்கு அது சீனிக்கான மருந்து, எடை குறைந்தது கூடவே வந்த லாபம். நிறுத்தினால் சீனி ஏறும். சீனி நன்றாக இறங்கியிருந்தால் மற்றக் குளிசைகளைக் குறைக்கலாமா என்று வேண்டுமானால் அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்.

கேள்வி: வயது 30. அடுத்த வருடம் குழந்தை வேண்டும் என்று நினைக்கிறோம். செமாக்ளுடைட் ஊசியை எப்போது விடுவது?
— வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: முயற்சி தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே. அந்த இரண்டு மாதமும் கருத்தடை அவசியம், எடை குறைந்ததும் கரு தங்கும் வாய்ப்புக் கூடுகிறவர்கள் பலர். நிறுத்தியதும் பசி திரும்பும், முதல் பதிலில் சொன்ன முட்டையும் பருப்பும் உங்களுக்கும்தான். ஃபோலிக் அசிட்டை இப்போதே தொடங்குங்கள்.