அரேஞ்சர் கீபோர்டை ஏன் மேடைக் கலைஞர்களை மனதில் வைத்துச் செய்வதில்லை?

பல வருடங்கள் மேடையில் அரேஞ்சர் வாசித்தவன் என்பதால் கொஞ்சம் எரிச்சலோடுதான் இந்தப் பதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெட்டி எதற்காகப் பிறந்தது என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. இடது கையில் ஒரு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) பிடித்தால் டிரம்ஸ், பேஸ், கிட்டார், ஸ்டிரிங்ஸ் எல்லாம் அதற்கேற்பத் தானாக வாசிக்கும், வலது கைக்கு மெட்டு மட்டும் போதும். பழைய வீட்டு ஆர்கன்களிலிருந்து வந்த யோசனை இது. வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசிப்பவருக்கு ஒரு குழுவே கூட வாசிக்கிற சந்தோஷத்தைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். குழுவில் வாசிப்பவருக்கோ பக்கத்திலேயே டிரம்மர் இருக்கிறார், பேஸ் கிட்டார்காரர் இருக்கிறார், அவருக்கு இது எதற்கு? நல்ல டோனும் அதை உள்ளே போய் நோண்ட வசதியும்தான் அவர் கேட்பார். அவருக்காக 1988-இல் கோர்க் கம்பெனியின் எம்1 மாதிரியான வொர்க்ஸ்டேஷன்கள், அதாவது டோனை நோண்டவும் முழுப் பாட்டையும் உள்ளேயே கோர்க்கவும் முடிகிற கீபோர்டுகள், வந்துவிட்டன.

பொழுதுபோக்குக்கு என்றால் மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். யமஹாவில் 2002-இல் வந்த டைரோஸ், 2017-இல் வந்த ஜெனோஸ் எல்லாம் தத்தம் காலத்தில் அரேஞ்சர் வரிசையின் உச்சி, அதிலும் ஜெனோஸ் வந்தபோது அதே கம்பெனியின் மாண்டேஜ் சின்தசைசரைவிட விலை அதிகமாக இருந்தது. காசு போகிற இடம் ஸ்டைல்கள், அதாவது தானாக ஓடும் அந்தப் பின்னணி வாசிப்புகள். ஒரு ஸ்டைல் என்றால் இன்ட்ரோ, நாலு வேரியேஷன், ஒவ்வொன்றுக்கும் ஃபில்-இன் (நடுவில் வரும் சின்ன டிரம்ஸ் துணுக்கு), அப்புறம் எண்டிங்குகள், இதில் எட்டு டிராக் வரை ஓடும். ஜெனோஸில் அப்படி 550. நான் மேடையில் உருப்படியாகப் பயன்படுத்துவது இருபதைத் தாண்டாது, அதிலும் பாதி நானே செய்தவை. வீட்டில் வாசிப்பவருக்கோ அந்த 550-ஐயும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதே ஒரு சுகம், புது மாடல் வந்தால் பழையதைக் கொடுத்துவிட்டு வாங்குவதும் அவர்தான். நானெல்லாம் பதிந்து வைத்த செட்டிங்கை இழக்கப் பயந்து ஒரே கருவியைப் பத்து வருடம் கட்டிக்கொண்டு அழுவேன். கம்பெனிக்காரன் யாரைப் பார்த்துச் செய்வான், சொல்லுங்கள்.

நாங்களும் யோக்கியர்கள் இல்லை. அரேஞ்சர் என்றாலே "பட்டனைத் தட்டினால் தானே வாசிக்கும்" என்று சக கலைஞர்களே சிரிப்பார்கள். ஆனால் 2001-இல் வந்த கோர்க் கர்மா வொர்க்ஸ்டேஷனும், யமஹா மோட்டிஃப் வொர்க்ஸ்டேஷனில் தானாக ஓடும் ஆர்பெஜியோக்களும் செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான், கார்டைப் பிடித்தால் அதற்கேற்ப டிரம்ஸும் பேஸும் ஓடும். பேர் வேறு என்பதால் கௌரவம் குறையவில்லை.

இதற்கெல்லாம் விலை கொடுப்பது மேடையில்தான். நடுத்தர மாடல்களில் ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கும், மேடையில் அது வெறும் சுமை. அதைவிடக் கொடுமை வெளியே தொங்கும் அடாப்டர். ஒருமுறை பாட்டின் நடுச் சரணத்தில் யாரோ காலில் வயர் பட்டு, அடாப்டர் முனை கழன்று, மொத்தக் குழுவும் (அதாவது என் கீபோர்டும்) செத்துப்போனது. திரும்ப உயிர் வந்து ஸ்டைலைத் தேடி எடுக்கும் வரை பாடகர் கைதட்டிக்கொண்டே பாடிச் சமாளித்தார். அடாப்டர் வேண்டாம், சாதாரண பவர் கேபிள் வை என்று வீட்டில் வாசிப்பவர் யாரும் கேட்கப் போவதில்லை, அங்கே தட்டிவிட ஆள் இல்லை.

சரி, முழுக்கவே அப்படியா என்றால், இல்லை. தனியாளாகப் பாடி வாசித்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள், கோர்க்கின் பிஏ என்ற அரேஞ்சர் வரிசையும் இத்தாலியின் கெட்ரான் கம்பெனியும் அவர்களையும் கணக்கில் வைத்திருக்கின்றன. அரபு இசைக்காரர்களுக்காகக் கால் சுர (அரைச் சுரத்திலும் பாதி) வசதியோடு தனி மாடல்களே வருகின்றன. பிஏ4எக்ஸில் ஸ்பீக்கர் கிடையாது, வேண்டுமென்றால் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

மேடைக்கு வாங்குவதாக இருந்தால் ஸ்டைல் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். பின்பக்கம் திருப்பி பவர் சாக்கெட்டையும் அவுட்புட்டுகளையும் பாருங்கள், ஆன் செய்து எத்தனை விநாடியில் எழுந்திருக்கிறது என்று கையில் கடிகாரத்தோடு பாருங்கள்.