அப்பாவுக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) இருந்தால் பிள்ளைக்கும் வருமா?

கட்டாயம் வரும் என்றில்லை. பொதுவாக நூறு பேரில் சுமார் ஒருவருக்கு வரும் நோய் இது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பத்தில் ஒருவர் அளவுக்கு ஆபத்து கூடும். சரி, மீதி ஒன்பது பேருக்கு வருவதில்லையே! பயந்து கல்யாணத்தையே தள்ளிப்போடுகிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கென்று ஒற்றை மரபணு கிடையாது. 2022இல் வெளியான பெரிய ஆய்வு, நம் மரபணுத் தொகுப்பில் இந்த நோயோடு தொடர்புள்ள 287 இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. அவற்றில் சி4 என்ற மரபணு முக்கியமானது; இந்த நோயில் அதன் பங்கை 2016இல் கண்டறிந்தார்கள். வளரும் மூளை தேவையற்ற நரம்பு இணைப்புகளைக் கழித்துவிடும். சி4 அதிகமானால் அந்தக் கழிப்பு எல்லை மீறலாம் என்று கருதுகிறார்கள். நோய் பெரும்பாலும் இளவயதில் தலைகாட்டுவதற்கு இது பொருந்துகிறது.

குடும்பத்தில் நோய் இருந்தால் கஞ்சா பக்கமே போகாதீர்கள். அது ஆபத்தைக் கூட்டும். யாரும் இல்லாதபோது குரல் கேட்டால் உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள்.