மைக்ரோ ஆர்.என்.ஏ. டெஸ்ட் எனக்குத் தேவையா?

கேள்வி: எனக்கு வயது 27, ஐந்தாவது மாதம். 'மைக்ரோ ஆர்.என்.ஏ. பார்த்தால் பிரசவத்தில் சிக்கல் வருமா என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்' என்று நாத்தனார் போனில் ஒரு வீடியோ காட்டினார். அந்த டெஸ்ட் எடுக்கணுமா? தாய்ப்பாலிலும் அது இருக்கிறதாமே? – ஒரு வாசகி, திருமங்கலம்.

பதில்: வேண்டாம்மா, அந்தப் பணத்தைப் பேறுகாலச் செலவுக்கு வையுங்கள். ஆனால் நாத்தனார் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை.

புரதம் செய்யச் சொல்லி மரபணு அனுப்பும் உத்தரவுச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது சுமார் 22 ரசாயன எழுத்து நீளமே உள்ள ஆர்.என்.ஏ. துணுக்கு. அந்தச் சீட்டில் போய் ஒட்டிக்கொண்டு 'போதும், நிறுத்து' என்று அடக்கும். 1993-ல் ஒரு மில்லிமீட்டர் புழுவில் இதைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நஞ்சுக்கொடிக்கென்றே 19-வது குரோமோசோமில் இந்தத் துணுக்குகளின் பெரிய கூட்டம் ஒன்று இருக்கிறது. அதில் வேலை செய்வது குழந்தையின் அப்பாவிடமிருந்து வந்த பிரதி மட்டும்தான் (வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்). அவை இப்போது உங்கள் ரத்தத்திலும் ஓடிக்கொண்டிருக்கின்றன, பிரசவமானதும் மறைந்துவிடும். நஞ்சுக்கொடிக்கு ஆக்சிஜன் குறைந்தால் 210 என்ற எண்ணுள்ள துணுக்கு கூடுகிறது. கர்ப்பகால ரத்தக்கொதிப்பு வந்த பல தாய்மார்களிடம் அது அதிகமாக இருந்திருக்கிறது. வீடியோக்காரர்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். ஆனால் ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. அதை நம்பி நாங்கள் யாருக்கும் வைத்தியம் செய்வதில்லை.

உங்களுக்கு வேண்டியது பிபி கருவி. ஒவ்வொரு செக்கப்பிலும் பிபி எவ்வளவு என்று கேட்டு, கார்டில் எழுதச் சொல்லுங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, சிறுநீரில் புரதம் போனாலோ சும்மா விடக் கூடாது. சாயங்காலம் கால் வீங்குவது சகஜம். முகமும் கையும் திடீரென வீங்கினால், விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால், ராத்திரியானாலும் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

தாய்ப்பாலில் மைக்ரோ ஆர்.என்.ஏ. நிறையவே இருக்கிறது. குழந்தையின் வயிற்றைத் தாண்டி உடம்புக்குள் போய் அது வேலை செய்கிறதா என்பதில்தான் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடாதீர்கள்; பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீரோடு யாராவது வந்தால், டாக்டர் திட்டுவார் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.