கைக்குழந்தையோடு ஏற்காடு போகலாமா? எங்கள் ஒன்பதாவது வளைவுக் கதை

கேள்வி: மூன்றரை வயதில் மகள், பத்து மாதத்தில் மகன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஒருநாள் போய்வர ஆசை. பிள்ளைகள் கொஞ்சம் பெரிசாகட்டும், இப்போது போனால் வாந்தியும் சளியும்தான் மிச்சம் என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யலாம்?

பதில்:

போயிட்டு வாங்கம்மா. இந்த மாதமே போங்க.

"கொஞ்சம் பெரிசாகட்டும்" என்ற வரியைப் படித்ததும் அடுப்பைக்கூட அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். இந்த ஒரு வரியை நான் ஆறு வருஷம் கேட்டவள்.

எனக்குப் பிறந்த ஊர் எடப்பாடிப் பக்கம். 2011-ல் கல்யாணமாகி கன்னங்குறிச்சிக்கு வந்தேன். சேலத்தின் வடக்கு ஓரம், மூக்கனேரிக்குப் பக்கத்தில். துணி காயப்போட மொட்டை மாடிக்கு ஏறினால் சேர்வராயன் மலை எதிரிலேயே நிற்கும். மழைக்காலத்தில் பாதி மலைக்குத்தான் உருவம் இருக்கும், மீதி மேகம். ராத்திரியில் மலை ஏறுகிற வண்டிகளின் வெளிச்சம் மின்மினி மாதிரி ஊர்ந்து போகும், ஒரு இடத்தில் மறையும், கொஞ்ச நேரம் கழித்து மேலே வேறு இடத்தில் முளைக்கும். கல்யாணமான முதல் வாரத்திலேயே "நாம எப்பங்க போறோம்?" என்று அவரிடம் கேட்டேன். அடுத்த மாசம் என்றார். அடுத்த மாதம் நாள் தள்ளிப்போய்விட்டது. அந்தப் பிள்ளை தங்கவில்லை. அப்புறம் மகள் வயிற்றில் வந்தாள், மலை ஏறக் கூடாது என்றார்கள். பிறந்ததும் பச்சைக் குழந்தை என்றார்கள். நடக்கட்டும் என்றார்கள். பேச்சு வரட்டும் என்றார்கள். அதற்குள் மகன் வயிற்றில் வந்துவிட்டான், கதை முதலிலிருந்து ஆரம்பம்.

முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊருங்க. அதைப் பார்க்க எனக்கு ஆறு வருஷம் ஆனது.

மாமியாரைக் குறை சொல்ல எழுதுகிறாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் அத்தை என் இரண்டு பிரசவத்துக்கும் ராத்திரி பகலாகக் கூட இருந்தவர். அவருக்கு இருந்தது பயம், வேறொன்றும் இல்லை. பனி ஒத்துக்காது, வளைவில் பிள்ளை பயந்துக்கும், காது அடைச்சுக்கும். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒன்று சொல்வார்: "இந்த வயசுல கூட்டிட்டுப் போனா அதுங்களுக்கு ஞாபகமா இருக்கப் போவுது? காசுக்குக் கேடு கண்ணு."

அதற்கு மட்டும் ஒருநாள் பதில் சொன்னேன். "அதுங்களுக்கு இல்லைன்னா என்ன அத்தை, எனக்கு ஞாபகம் இருக்குமில்ல." அத்தை என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். மறுநாள் காலையில் அவராகவே பரண்மேல் இருந்த ஒயர் கூடையை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார்.

2017 செப்டம்பரில் போனோம். இவருக்குக் கொலுசுப் பட்டறையில் வேலை, அன்றைக்கு லீவு, புதன்கிழமை. பெரியவளுக்கு நாலரை வயது, சின்னவனுக்குப் பதினான்கு மாதம். நாங்கள் கூடையில் எடுத்துப் போனதைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்: எலுமிச்சம்பழம் நாலு, வாந்தி வந்தால் பிடிக்கக் கவர் ஒரு கட்டு, பழைய துண்டு மூன்று, இரண்டு பேருக்கும் மாற்றுத் துணி இரண்டு செட், ஸ்வெட்டர், குல்லா, வெந்நீர் பிளாஸ்க், தூக்கில் தயிர்சாதம். என் மாற்றுப் புடவையை எடுக்க மறந்துவிட்டேன். நீங்கள் மறக்காதீர்கள்.

அஸ்தம்பட்டியிலோ கோரிமேட்டிலோ ஏறினால் உட்கார இடம் கிடைக்காது என்று புது பஸ் ஸ்டாண்டுக்கே போய் ஏறினோம். மூன்று பேர் சீட்டில் ஜன்னல் ஓரம் நான் சின்னவனோடு, நடுவில் பெரியவள், இந்தப் பக்கம் ஒரு அம்மா. நாகலூர்ப் பக்கம் ஊர், காபித் தோட்டத்தில் வேலை, ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார். எங்களுக்குப் பின்சீட்டில் அத்தையும் இவரும்.

அடிவாரம் தாண்டியதும் வளைவு ஆரம்பிக்கும். மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் போட்ட போர்டு இருக்கும். அப்போதுதான் எல்கேஜியில் எண் படித்த பெரியவளுக்குக் கொண்டாட்டம். "ஒன்னு! ரெண்டு!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். ஆறாவது வளைவில் சத்தம் குறைந்தது. எட்டாவதில் என் மடியில் தலை சாய்த்தாள். "வெளிய பாக்காத, கண்ண மூடிக்க" என்று முகத்தை என் பக்கம் திருப்பி அணைத்துக்கொண்டேன். ஒன்பதாவது வளைவில் திடீரென்று எழுந்து மறுபக்கம் திரும்பினாள். காலையில் சாப்பிட்ட இரண்டு பூரியும் அந்த அம்மாவின் புடவையில்.

எனக்கு உயிரே போய்விட்டது. கவர் கட்டு என் கையில் பிரிக்காமல் இருக்கிறது. அந்த அம்மா ஒரு சுளிப்புக்கூட இல்லாமல் முந்தானையை மடித்துக்கொண்டு, "வுடு தாயி, தொவைச்சாப் போயிரும். புள்ளையப் பாரு" என்றார். துண்டை வாங்கி முதலில் என் மகள் வாயைத்தான் துடைத்தார், அப்புறம்தான் தன் புடவையை. பிறகு அவளை என் பக்கமிருந்து முன்னால் திருப்பி உட்காரவைத்தார். முன்சீட்டுக் கம்பியை அவள் இரண்டு கையிலும் பிடித்துக் கொடுத்து, "இதாங்கண்ணு ஸ்டேரிங்கு. இனி நீதான் பஸ்ஸு ஓட்டோணும். தூரத்துல ரோடு எங்க திரும்புதுன்னு பாரு, அந்தப் பக்கமே நீயும் சாயி" என்றார்.

பத்தாவது வளைவிலிருந்து இருபதாவது வரை என் மகள்தான் அந்த பஸ்ஸை ஓட்டினாள். பத்துக்கு மேல் எண் தெரியாது. பதினொன்று, பன்னிரண்டு என்று அந்த அம்மா சொல்லச் சொல்ல இவள் திருப்பிச் சொன்னாள். மறுபடி வாந்தியே வரவில்லை.

நான் டாக்டர் இல்லை. ஆனால் பிறகு சின்னவனுக்குத் தடுப்பூசி போடப் போனபோது குழந்தை டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். உடம்பு திரும்புவதை உள்காது உணர்ந்து மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ எதிரே அசையாமல் இருக்கிற சீட்டைப் பார்த்துவிட்டு, எதுவும் திரும்பவில்லையே என்று சொல்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டுகிறதாம். வண்டி ஓட்டுகிறவருக்கு அடுத்து எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்பது முன்னாலேயே தெரியும், அதனால் அவருக்கு வாந்தி வருவது அபூர்வம். நான் பிள்ளையின் முகத்தை மடிக்குள் புதைத்து வைத்தது நேர் எதிரான வேலை. இப்போது எல்லோரும் கையில் போனைக் கொடுத்துவிடுகிறார்கள், அதுவும் தப்பு. வெறும் வயிறும் ஆகாது, பூரி மாதிரி எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது. ஒரு இட்லி, இரண்டு இட்லி போதும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தத் தொந்தரவு பெரும்பாலும் வருவதில்லை, இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் அதிகம் என்றும் சொன்னார். ஆக உங்கள் பத்து மாதக் குழந்தையை நினைத்து நீங்கள் பயப்படுகிறீர்கள், பார்த்துக்கொள்ள வேண்டியது மகளை. பெரிசாகட்டும் என்று காத்திருந்தால் இரண்டு பேருமே வாந்தி எடுக்கிற வயதுக்கு வந்துவிடுவார்கள். உங்கள் வீட்டில் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

காது அடைப்பதும் உண்மைதான். எச்சில் விழுங்கினால் சரியாகும், குழந்தை பால் குடித்தால் போதும். பாதி மலையில் சின்னவன் சிணுங்க ஆரம்பித்ததும் பின்சீட்டிலிருந்து அத்தை துண்டை நீட்டிப் பிடித்து மறைப்புக் கட்டினார். அடுத்த நான்கு வளைவுக்கும் கையை இறக்கவே இல்லை.

மேலே ஒரேயொரு சேதம். ஏரிக்கரையில் கூடையை வைத்துவிட்டுப் பெரியவளுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு குரங்கு நேராக வந்து தூக்கை எடுத்தது. அத்தை குடையோடு அதன் பின்னாலேயே ஓடினார், "டேய், அது புள்ளைக்கு வச்சதுடா!" என்று. முழங்கால் வலி என்று பத்து வருஷமாகக் கோயில் பிரகாரம்கூட ஒரு சுற்றுக்கு மேல் சுற்றாதவர். குரங்கு சுவர்மேல் உட்கார்ந்து மூடியைத் திறந்து சாதத்தைத் தின்றுவிட்டுத் தூக்கைக் கீழே போட்டது. அத்தை அதை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்து, "ஆஞ்சநேயருக்குப் போயிருச்சு, வுடு" என்றார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஒரு சின்ன மெஸ்ஸில் பிள்ளைகளுக்கு ரசம் சாதம் கிடைத்தது. பனி ஒத்துக்காது என்று பயந்த அளவுக்குக் குளிரும் இல்லை. சேலத்தைவிட நாலாயிரம் அடி உயரம், ஏழெட்டு டிகிரி குறையும், அவ்வளவுதான். ஒரு ஸ்வெட்டர் போதும்.

சாயங்காலம் லேடீஸ் சீட்டுக்குப் போனோம். அங்கே நின்றால் மொத்த சேலமும் காலடியில் தெரியும். மேகம் விலகி இருந்தது. "நம்ம வூடு எங்கம்மா?" என்றாள் பெரியவள். நானும் தேடினேன். தண்ணீர் ஒரு இடத்தில் பளபளத்தது, அதுதான் மூக்கனேரி, அதற்குப் பக்கத்தில்தான் நம் மொட்டை மாடி என்று காட்டினேன். ஆறு வருஷம் அங்கிருந்து இங்கே பார்த்தவள் நான். கண் கலங்கிவிட்டது. இவர் ஒன்றும் கேட்காமல் சின்னவனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

ஐந்து பேருக்கும் போக வர, சாப்பாடு, மிளகாய் பஜ்ஜி, அத்தை வீட்டுக்கு வாங்கிய மிளகு எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. வசதியுள்ளவள் பேசுகிறாள் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் கணக்கும் சொல்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பல வருஷமாக மனதில் இருக்கிறது. ஏற்காட்டுக்குப் போனோம் என்று வெளியூர்ச் சொந்தக்காரர்களிடம் சொன்னால் உடனே "ஓ, ஏழைகளின் ஊட்டியா" என்கிறார்கள். பயணக் கட்டுரை எழுதுகிறவர்களும் முதல் வரியிலேயே இதை எழுதிவிடுகிறார்கள். எதற்கு இந்தப் பெயர்? ஏரியும் காடும் சேர்ந்த ஏற்காடு என்று அதற்கே அழகான பெயர் இருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபிச் செடியைக் கொண்டுவந்து நட்டதற்கு முன்பிருந்தே அந்த மலையில் மக்கள் இருக்கிறார்கள். 5,300 அடிக்கு மேலே குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள், மே மாதத் திருவிழாவுக்கு அத்தனை மலைக்கிராமமும் திரளும். மலைக்கே அந்தச் சாமியின் பெயர்தான். இன்னொரு ஊரை அளவுகோலாக வைத்து, அதிலும் மட்டம் என்று சொல்கிற மாதிரி ஒரு பட்டம். ஊட்டியின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் பட்டறைக் கூலியில் குடும்பம் நடத்துகிறவர்கள் பஸ் ஏறிப் போய் இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடிகிற மலை அது. அதைக் குறையாகச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. என் பிள்ளைகள் முன்னால் யார் சொன்னாலும் திருத்துவேன், திருத்தியும் இருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்ததும் பெரியவள் மொட்டை மாடிக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தாள். தூக்கிக்கொண்டு போனேன். மலையில் ஒரு வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. விரல் நீட்டி, "அதாம்மா ஒம்பதாவது வளைவு, நான் வாந்தி எடுத்தேனே!" என்று பெருமையாகச் சொன்னாள். இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஞாபகம் இருக்காது என்றார்களே, அவளுக்கு அந்த அம்மாவின் புடவை நிறம்கூட ஞாபகம் இருக்கிறது. பச்சை.

உங்களுக்கு இன்னும் நாலு வார்த்தை. மே மாதம் வேண்டாம், கோடை விழாக் கூட்டத்தில் கைக்குழந்தையோடு நிற்க இடமிருக்காது. சனி ஞாயிறும் வேண்டாம். இப்போதெல்லாம் அரசு பஸ்ஸில் ஐந்து வயது வரைக்கும் டிக்கெட் கிடையாது, உங்கள் இரண்டு பேருக்குமே இலவசம்தான். குரங்கு வருகிற இடத்தில் கூடையைத் தரையில் வைக்காதீர்கள். கவர் கட்டை ஏறும்போதே பிரித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு முன்கம்பி எட்டுகிற சீட்டாகப் பார்த்து உட்காரவையுங்கள். ஜன்னல் ஓரத்தை மட்டும் யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்காமல் நீங்களே உட்காருங்கள்.